இறால் எவ்வளவு வேகமாக வளர்கிறது? அளவுத் தரவும் புள்ளியியலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலில் பிடிபடும் இறாலின் நீளத்தை அளந்து அதிலிருந்து வளர்ச்சி, வயது, இறப்பு விகிதம் என்று கணக்கிடப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் எந்தச் சூத்திரம், எந்த மென்பொருள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என் கருத்து வேறு. எந்தச் சூத்திரம் எடுத்தாலும் பதில் ஓரளவுக்குத்தான் மாறும், ஆனால் கையில் வந்த இறால் எந்த வலையில், எந்த மாதம், எந்த ஆழத்தில் விழுந்தது என்பது பதிலையே புரட்டிப் போடும். கீழே அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சாய்ந்து எழுதியிருக்கிறேன்.

மீனுக்கு வயது பார்க்கிறார்களே, இறாலுக்கு ஏன் முடியவில்லை?

மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பது போல வளையங்கள் தெரியும், எண்ணிவிடலாம். இறால் வளர வேண்டுமென்றால் ஓட்டை உரித்தாக வேண்டும், பதிவு வைத்திருக்கக்கூடிய கெட்டியான பாகம் எல்லாம் அந்த ஓட்டோடு போய்விடுகிறது. 2012இல் ரவூஃப் கிலாடாவும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்தண்டிலும் இரைப்பை அரைவைப் பற்களிலும் வளையங்கள் தெரிகின்றன, அவற்றை வைத்து வயது சொல்லலாம் என்று எழுதினார்கள். பெரிய பரபரப்பு. பிறகு வந்த ஆய்வுகள் இரைப்பைப் பற்களும் ஓடு உரிக்கும்போது கழன்று போகின்றன என்று காட்ட, விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு வருடமே வாழும் வெப்பக் கடல் இறாலுக்கு ஆண்டு வளையம் கிடைத்தாலும் பெரிதாக உதவாது, அங்கே நமக்கு மாதக் கணக்கு வேண்டும். ஆகவே நீளம்தான் கதி.

எந்த நீளத்தை அளப்பது?

தலைமார்பு ஓட்டின் நீளம். கண்குழியின் பின் விளிம்பிலிருந்து ஓட்டின் பின்புற நடு விளிம்பு வரை, வெர்னியர் காலிப்பரில். முழு நீளம் அளந்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முள் பாதி இறால்களில் முறிந்திருக்கும், உடல் வளைந்திருக்கும், அளக்கும் ஆள் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்து எண் மாறும். பழைய தரவு முழு நீளத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே இறாலில் அளந்து ஒரு மாற்றுச் சமன்பாடு போட்டுக்கொள்ளுங்கள், ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி.

படிப்படியாகத் தாவி வளரும் உயிருக்கு வழவழப்பான வளைகோடு பொருத்துவது தப்பில்லையா?

ஒரே ஒரு இறாலைப் பற்றிப் பேசினால் தப்புதான். ஓடு உரிக்கும் நேரத்தில் நீளம் சட்டென்று கூடும், அடுத்த உரிப்பு வரை அப்படியே நிற்கும், அந்த இடைவெளியில் சதை மட்டும் உள்ளே கூடிக்கொண்டிருக்கும். ஆனால் நாம் பார்ப்பது ஆயிரக்கணக்கான இறால்களின் சராசரியை. அவை எல்லாம் ஒரே நாளில் உரிப்பதில்லை, எனவே சராசரி வழவழப்பாகத்தான் நகரும்.

தாவலையே மாடலாக்க விரும்பினால் இரண்டு துண்டுகள் வேண்டும்: ஒரு உரிப்பில் எவ்வளவு கூடுகிறது, இரண்டு உரிப்புக்கு நடுவே எத்தனை நாள். முதலாவதற்கு, உரிப்பதற்கு முந்தைய அளவை ஒரு அச்சிலும் பிந்தைய அளவை இன்னொரு அச்சிலும் போட்டு நேர்கோடு பொருத்துவது வழக்கம், 1948இல் ஹையாட் ஒரு நண்டுக்குச் செய்து காட்டிய படம் அது. இரண்டாவது, அளவு கூடக் கூட நீளும், தண்ணீர் சூடானால் குறையும். தொட்டியில் வளர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தரவு கிடைக்கும், தொட்டியில் வளரும் இறால் கடல் இறாலைப் போலவே வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மீன்வளக் கணக்கு வேலைகளில் பெரும்பாலும் வழவழப்பான கோடே போதும்.

எல்-முடிவிலி, கே, டி-பூஜ்யம்: இந்த மூன்றும் உண்மையில் என்ன?

1938இல் லுட்விக் வான் பெர்டலன்ஃபி தந்த சமன்பாட்டின் அளவுருக்கள். எல்-முடிவிலி என்பது வயது ஏறிக்கொண்டே போனால் சராசரி நீளம் எங்கே போய் நிற்குமோ அந்த எண். பிடித்ததிலேயே பெரிய இறாலின் நீளம் அல்ல. சராசரியைச் சுற்றி மாறுபாடு இருப்பதால் அதைவிடப் பெரிய இறால்கள் சில இருக்கத்தான் செய்யும். 'கே' அந்த உச்சத்தை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதைச் சொல்கிறது, அதன் அலகு 'ஒரு ஆண்டுக்கு' அல்லது 'ஒரு மாதத்துக்கு'. மில்லிமீட்டர் அதில் எங்குமே வராது, அதனால் 'கே'யை மட்டும் வைத்து இந்த இனம் அந்த இனத்தைவிட வேகமாக வளர்கிறது என்று எழுதுவது அர்த்தமில்லாதது. டி-பூஜ்யம் நீளம் பூஜ்யமாக இருந்திருக்க வேண்டிய கற்பனை வயது. நீளத் தரவிலிருந்து மட்டும் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

முக்கியமான தொல்லை இனிமேல்தான். கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். எல்-முடிவிலி 50 மிமீ, கே ஆண்டுக்கு 2.0 என்றால் 3, 6, 12 மாதத்தில் ஓட்டு நீளம் 19.7, 31.6, 43.2 மிமீ. இப்போது எல்-முடிவிலி 54, கே 1.75 என்று மாற்றுங்கள்: 19.1, 31.5, 44.6. உங்கள் காலிப்பருக்கும் உங்கள் சாம்பிளுக்கும் இந்த இரண்டு கோடும் ஒன்றுதான்! ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், இரண்டுக்கும் நடுவே அவ்வளவு பலமான எதிர் ஒட்டுறவு. அதனால் 'கே'யைத் தனியாக, நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணிப்பு) இல்லாமல் வெளியிடுபவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

வயதே தெரியாமல் நீளத்திலிருந்து வளர்ச்சியை எப்படி எடுக்கிறார்கள்?

ஒரே பருவத்தில் பிறந்த இறால் கூட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மாதாமாதம் நீளங்களை வரைந்தால் அந்தக் கூட்டம் ஒரு முகடாகத் தெரியும், அடுத்த மாதம் அந்த முகடு வலப்பக்கம் நகர்ந்திருக்கும், நகர்ந்த தூரம்தான் வளர்ச்சி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டென்மார்க்கின் பீட்டர்சன் மீனில் ஆரம்பித்த யோசனை இது. முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்போது அவற்றைப் பிரிப்பதுதான் புள்ளியியல் வேலை, ஒவ்வொன்றையும் மணி வடிவ இயல்நிலைப் பரவலாக எடுத்துக்கொண்டு கலவையைப் பிரிப்போம்.

சுவாரசியம் என்னவென்றால், பரவல் கலவையைப் பிரிக்கும் கணக்கே ஓட்டுடலியில்தான் பிறந்தது. நேப்பிள்ஸ் விரிகுடா நண்டுகளை விலங்கியலாளர் வெல்டன் அளந்தார், அந்த அளவுகளில் ஒன்று சாய்ந்து நின்றது. புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1894இல் அதை இரண்டு இயல்நிலைப் பரவல்களாகப் பிரித்துக் காட்டினார், அதற்காக ஒன்பதாம் படிச் சமன்பாட்டைக் கையாலேயே தீர்த்தார். 1967இல் பட்டாச்சார்யா வரைபடத்தாளில் நேர்கோடு போட்டே பிரிக்கும் எளிய வழியைத் தந்தார். இன்று கணினி அதிகபட்ச லைக்லிஹூட் முறையில் (கையிலுள்ள தரவு வர அதிக வாய்ப்புத் தரும் அளவுருக்களைத் தேடுவது) நொடியில் முடித்துவிடுகிறது. ஆனால் முடித்துத் தருவது வேறு, சரியாகத் தருவது வேறு.

எத்தனை முகடு என்று யார் முடிவு செய்வது?

நீங்களும் இறாலின் வாழ்க்கையும் சேர்ந்துதான். மாடல்களை ஒப்பிடும் ஏஐசி போன்ற அளவுகோல்களைக் கேட்டால், ஆயிரக்கணக்கில் இறால் அளந்திருந்தால், அவை எப்போதும் இன்னும் ஒரு முகடு சேர் என்றே சொல்லும், ஏனென்றால் உண்மையான பரவல் கச்சிதமான இயல்நிலைப் பரவலாக இருப்பதில்லை. இரண்டு சராசரிகளுக்கு இடையே குறைந்தது இரண்டு திட்ட விலக்கம் தூரம் இல்லாவிட்டால் பிரித்ததை நம்பாதீர்கள். ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் புள்ளிகளைக் கண்ணால் இணைப்பதைவிட, எல்லா மாதத்தையும் ஒரே மாடலில் போட்டு, சராசரிகள் ஒரு வளர்ச்சிக் கோட்டில் நிற்க வேண்டும், திட்ட விலக்கம் நீளத்தோடு சீராக மாற வேண்டும் என்று கட்டுப்பாடு வைப்பது நல்லது. 1990இல் ஃபோர்னியர் குழுவின் மல்டிஃபான் என்ற முறை அப்படித்தான் செய்தது. வடபகுதிக் கடல்களின் குளிர்நீர் இறாலுக்கும் (பாண்டலஸ் போரியாலிஸ்) அதைப் போட்டுப் பார்த்தார்கள்.

இன்னொன்று, வரைபடத்தில் நீளங்களைத் தொகுக்கும் பிரிவின் அகலம். அரை மில்லிமீட்டரில் வைத்தால் எங்கு பார்த்தாலும் முகடு, மூன்று மில்லிமீட்டரில் வைத்தால் எல்லாம் ஒரே மேடு. அகலத்தை மாற்றிப் பாருங்கள், மாற்றினாலும் நிற்கும் முகடுதான் முகடு.

எலிஃபான் ஒரு விடை தந்தது. அப்படியே எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 1980களின் தொடக்கத்தில் பாலியும் டேவிட்டும் உருவாக்கிய எலிஃபான் என்ற கணினி முறை, பரவலைப் பற்றி எந்த அனுமானமும் இல்லாமல், வளர்ச்சிக் கோடு எத்தனை முகடுகள் வழியாகப் போகிறது என்று மதிப்பெண் போடும். சாதாரணக் கணினியில் ஓடியது, வெப்பக் கடல் நாடுகளில் தரவு குறைவான இடங்களில் எல்லாம் பரவியது. நல்ல காரியம்தான். ஆனால் மதிப்பெண் பரப்பு ஒரே மலையாக இருக்காது, பல குன்றுகள் இருக்கும், தேடல் எங்கே ஆரம்பித்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு குன்றில் போய் நிற்கும். இப்போது ஆர் மொழியில் டிராப்ஃபிஷ்ஆர் தொகுப்பு இருக்கிறது, அதில் மரபணு வழிமுறைத் தேடல் போன்றவை உண்டு, பூட்ஸ்ட்ராப் (கையிலுள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) செய்யவும் வழி வந்துவிட்டது. பூட்ஸ்ட்ராப் செய்து பாருங்கள், விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது தெரியும்.

விடை நம்பத்தக்கதா என்று சட்டென்று பார்க்க ஒரு வழி: 'கே'யின் பத்தடிமான மடக்கையோடு எல்-முடிவிலியின் மடக்கையை இரு மடங்காக்கிக் கூட்டுங்கள். நெருங்கிய இனங்களில் இந்த எண் அருகருகே இருக்கும், உங்களுடையது மட்டும் வெகுதூரம் தள்ளி நின்றால் எங்கோ கோளாறு. ஒருவர் ஓட்டு நீளத்திலும் இன்னொருவர் முழு நீளத்திலும் கணக்கிட்டதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், இந்தக் குழப்பம் அச்சில் வந்த கட்டுரைகளிலேயே கிடக்கிறது.

ஆண், பெண் இரண்டையும் சேர்த்துப் பொருத்தலாமா?

கூடாது. பெனயிட் குடும்ப இறால்களில் (வெப்பக் கடல் இறால்கள் பலவும் இதில்தான்) பெண் நன்றாகவே பெரிதாக வளரும். ஒரே நாளில் பிறந்த கூட்டமே ஆறு மாதம் கழித்து இரண்டு முகடு காட்டும், நீங்கள் அதை இரண்டு வயது என்று எண்ணிவிடுவீர்கள், அதன் பின்னால் வரும் எல்லாம் தப்பாகும். வடபகுதிக் குளிர்நீர் இறாலில் கதை வேறு: அது முதலில் ஆண், சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். அங்கே ஆணும் பெண்ணும் ஒரே உயிரின் இரண்டு கட்டங்கள், இரண்டு தனி வளைகோடுகள் பொருந்தாது. எந்த அளவில் மாறுகிறது என்பதற்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போட்டுப் பாதிப்பேர் மாறியிருக்கும் நீளத்தை எடுப்பார்கள், அந்த நீளமும் ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

வலை இதில் எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும். இழுவை வலையின் மடி (கடைசியில் இருக்கும் பை) கண்ணி வழியாகச் சின்ன இறால் தப்பிவிடும். ஒரு கூட்டம் முதன்முதலாக வலையில் விழும்போது அதில் பெரியவை மட்டுமே விழுகின்றன, எனவே சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அடுத்த மாதம் எல்லாரும் விழுகிறார்கள், சராசரி உண்மைக்கு வந்துவிடும். நடுவில் நடந்த வளர்ச்சியில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். மடியின் மேல் நுண்கண்ணி உறை போட்டு, தப்பியதையும் எண்ணி, தேர்வுத்திறன் வளைகோடு (எந்த நீளத்தில் எத்தனை பங்கு வலையில் நிற்கிறது என்பது) எடுத்து, அதைக் கலவை மாடலுக்குள்ளேயே சேர்ப்பதுதான் முறை. சின்ன முகடுகளைச் சும்மா தூக்கி எறிவதும் ஒரு வழி, மோசமில்லை.

வலையைவிடப் பெரிய வடிகட்டி இடம்பெயர்வு. பெனயிட் குஞ்சுகள் கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டோரத்திலும் வளர்ந்து பிறகு வெளிக்கடலுக்குப் போகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் மட்டும் இழுத்தால் பெரியவை வெளியேறிக்கொண்டே இருக்கும், மிச்சமிருப்பவை வளராதவை போலத் தெரியும். எந்த மென்பொருளும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

எத்தனை இறால் அளக்க வேண்டும்?

எத்தனை இழுப்பு (வலையை ஒரு தடவை போட்டு இழுப்பது) என்று கேளுங்கள். ஒரே இழுப்பில் வந்த இறால்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும், அவை தனித்தனிச் சாட்சிகள் அல்ல. இரண்டு இழுப்பில் 250 வீதம் அளப்பதைவிடப் பத்து இழுப்பில் 50 வீதம் அளப்பது எவ்வளவோ மேல், எண்ணிக்கை இரண்டிலும் 500தான். ஐந்நூறு தனித்தனித் தகவல் இருப்பதாக நினைத்து லைக்லிஹூட் கணக்கிட்டால் நம்பிக்கை இடைவெளி சிரிப்பு வரும் அளவுக்குக் குறுகிவிடும். பூட்ஸ்ட்ராப் செய்யும்போதும் இறாலை அல்ல, இழுப்பை மறுதேர்வு செய்யுங்கள். ஒரு கூடையிலிருந்து எடுத்ததை அந்த இழுப்பின் மொத்த எடைக்குப் பெருக்கிய பிறகே மற்ற இழுப்புகளோடு சேர்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறதே?

அதற்குத்தான் அலை சேர்த்த பெர்டலன்ஃபி. 1988இல் சோமர்ஸ் எழுதிய வடிவத்தைப் பயன்படுத்துங்கள். அதில் இரண்டு அளவுரு கூடும், ஒன்று அலையின் உயரம், மற்றது அது எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பது. உயரம் 0 என்றால் பருவ மாற்றமே இல்லை, 1 என்றால் வருடத்தில் ஒரு கணம் வளர்ச்சி முழுதாக நிற்கிறது. கோடை மாதங்களில் மட்டும் சாம்பிள் எடுத்துவிட்டு இதைப் பொருத்த முயல வேண்டாம்.

குறி போட்டு விட்டுத் திரும்பப் பிடித்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். உடலின் குறுக்கே நாடா போல ஒரு குறியைச் செருகி விடுவார்கள், ஓடு உரிக்கும்போதும் அது நிற்கும். விட்டபோது நீளம், பிடித்தபோது நீளம், இடைப்பட்ட நாள், மூன்றும் நேரடித் தகவல். 1965இன் ஃபேபன்ஸ் முறை இதை அப்படியே பெர்டலன்ஃபிக்குள் போடும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு இறாலுக்கும் அதனதன் எல்-முடிவிலி உண்டு. பெரிதாக இருக்கும்போது குறி போடப்பட்டது பெரும்பாலும் பெரிதாகப் போகிற ரகம்தான், அது எதிர்பார்ப்பைவிட அதிகம் வளரும், அதனால் எல்-முடிவிலி மிகையாகவும் கே குறைவாகவும் வந்துவிடும். தனிநபர் வேறுபாட்டின் விளைவை சைன்ஸ்பரி 1980இல் விளக்கினார், 1995இல் வாங், தாமஸ், சோமர்ஸ் மூவரும் அதைக் கணக்கில் எடுக்கும் லைக்லிஹூட் முறை தந்தார்கள். குறி குத்திய காயம் வளர்ச்சியைத் தடுத்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

நீளத்தை எடையாக மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நீளம், எடை இரண்டுக்கும் இயல் மடக்கை (e அடிமானம்) எடுத்து நேர்கோடு போட்டால் போதும், ஆனால் திரும்ப எடைக்கு வரும்போது சராசரி குறைவாக விழும், எச்ச மாறுபாட்டின் (கோட்டைச் சுற்றிய சிதறலின்) பாதியை e-யின் அடுக்காக வைத்து ஒரு திருத்தம் பெருக்க வேண்டும். ஓட்டு நீளம் பயன்படுத்தினால் நீளத்தின் அடுக்கு (கோட்டின் சாய்வு) 3க்குக் கீழே வருவது சகஜம், பயப்பட வேண்டாம்.

என்னிடம் கிலோவுக்கு இத்தனை என்ற வியாபாரத் தரத் தரவு மட்டும்தான் இருக்கிறது.

பரவாயில்லை, வைத்து வேலை செய்யலாம். ஒவ்வொரு தரத்துக்கும் நடு எடையைப் போட்டு ஒரே புள்ளியாக்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. தரம் என்பது ஒரு எடை இடைவெளி. மாடல் சொல்லும் நீளப் பரவலை எடையாக மாற்றி, அந்த இடைவெளிக்குள் எத்தனை பங்கு விழும் என்று கணக்கிட்டு, அதைப் பிடித்த அளவோடு ஒப்பிடுங்கள். சில்லறையாகவும் உடைந்ததாகவும் ஒதுக்கப்பட்டவை தரவில் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

வயதே வேண்டாம், அளவை மட்டும் வைத்து மாடல் செய்ய முடியாதா?

முடியும், இன்றைய பெரிய கணிப்புகள் பலவும் அப்படித்தான். இறால்களை நீளப் பிரிவுகளில் போட்டு, ஒரு பிரிவில் இருப்பது அடுத்த கால இடைவெளியில் எந்தப் பிரிவுக்குப் போகும் என்ற நிகழ்தகவுகளை ஒரு அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதுவார்கள். தனிநபர் வேறுபாடு அந்த அணிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, ஓடு உரிக்காமல் அதே பிரிவில் நிற்பதற்கும் இடம் உண்டு. இதில் வளர்ச்சியும் இறப்பும் தேர்வுத்திறனும் ஒரே தரவுக்காகப் போட்டி போடும். பெரிய இறால் குறைவாக இருக்கிறதா? செத்திருக்கலாம், வளராமல் இருக்கலாம், வலைக்கு வராமல் இருக்கலாம். குறியிட்டுப் பிடித்த தரவு கொஞ்சமாவது வெளியிலிருந்து வராவிட்டால் மாடல் தனக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

சரி, இதெல்லாம் நிஜத்தில் எதற்கு உதவும்?

எப்போது பிடிக்க ஆரம்பிப்பது என்பதற்கு. கூட்டத்தில் தினமும் சில சாகின்றன, மிஞ்சியவை எடை கூடுகின்றன. எடை கூடும் வேகம் சாகும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை காத்திருப்பது லாபம். ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரி இறால் கணிப்புகளில் இயற்கை இறப்பை வாரத்துக்கு 0.045 என்று வைத்தார்கள், அதையே எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கற்பனை இறாலை, எல்-முடிவிலி 50, கே 2, எடை அடுக்கு 3 என்று போடுங்கள். ஓட்டு நீளம் 20 மிமீ இருக்கும்போது எடை வாரத்துக்குச் சுமார் 17 சதவீத வேகத்தில் கூடுகிறது, 25 மிமீயில் 11.5, ஏறக்குறைய 36 மிமீயில்தான் 4.5க்கு இறங்குகிறது. அதுவரை கூட்டத்தின் மொத்த எடை ஏறிக்கொண்டே இருக்கும். பெரிய இறாலுக்கு விலை கூடுதல் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். 1981இலிருந்து டெக்சாஸ் கடற்கரையில் வெளிக்கடல் இறால் பிடிப்பைக் கோடையின் தொடக்கத்தில் சில வாரம் நிறுத்தி வைப்பதன் பின்னால் இருக்கும் கணக்கு இந்த வகைதான்.

இப்போது 54, 1.75 என்ற மற்ற ஜோடியைப் போடுங்கள், விடை 37 மிமீ சொச்சம். வளர்ச்சி அளவுருக்களைப் பற்றி நாம் போடும் சண்டை இந்த முடிவை ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகர்த்தவில்லை. இயற்கை இறப்பை 0.03 என்று மாற்றுங்கள், விடை 40க்குப் பக்கம் போகும். நேரத்தை எதில் செலவழிப்பது என்று இப்போது தெரிகிறதா?

இயற்கை இறப்புக்கு நீளத்திலிருந்தே சூத்திரம் இருக்கிறதே, அதைப் போட்டால்?

பாலியின் 1980 சூத்திரம் 175 மீன் கூட்டங்களின் தரவில் பொருத்தப்பட்டது. மீன், இறால் அல்ல. அதிலும் உள்ளே போவது நீர் வெப்பநிலையோடு நீங்கள் கணித்த அதே எல்-முடிவிலியும் கேயும்தான், ஆக அவற்றின் பிழையும் கூடவே போகும். வேறு வழியில்லை என்றால் பயன்படுத்துங்கள், ஆனால் அதைப் பாதியாக்கியும் ஒன்றரை மடங்காக்கியும் ஓட்டிப் பார்த்து மூன்று விடையையும் எழுதுங்கள்.

பண்ணை இறாலின் வளர்ச்சி வேகத்தைக் கடல் இறாலுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தீவனம், நெருக்கம், வெப்பம் எல்லாமே வேறு, பல இனங்களில் வேகமாக வளரத் தேர்ந்தெடுத்த பரம்பரை வேறு. பேயஸ் முறையில் முன்னறிவாக (தரவைப் பார்ப்பதற்கு முன்பே மாடலுக்குத் தரும் தகவல்) எதையாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் நெருங்கிய கடல் இனத்தின் வெளியான மதிப்பை, அகலமான இடைவெளியோடு, எல்-முடிவிலியும் கேயும் எதிர் ஒட்டுறவு உள்ளவை என்பதையும் சேர்த்தே வையுங்கள்.